பட்டி காக்கும் நாய்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்கு ஓர் இடர் உண்டு. ஒரு சொல்லைக் கண்டவுடன் அதற்கு நேரான சொல் நம்மிடம் இருக்கிறது என்று எண்ணி எழுதிவிடுவோம்; பொருள் வேறு என்பது பின்னரே தெரியவரும். பெரும்பாலும் அதனால் கெடுவது ஒரு வாக்கியந்தான். சில வேளைகளில் அதற்கு மேலும் கெட்டுவிடும். 'காவல் நாய்' என்னும் எளிய சொல்லைச் சரியாக அறிந்துகொள்ளாமையால் நாம் ஓர் ஆட்டுக்குட்டியை இழந்தோம். ஒரு நல்ல நாய் தனக்குரிய தொழிலை இழந்தது. அந்தக் கதையையும், அதன் பிறகு நாம் கற்றுக்கொண்டதையும் இன்று நேயர்களிடம் சொல்ல எண்ணுகிறோம்.

செம்பூரில் நாம் குடியேறி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. மூன்றாம் மாடியில் வீடு, காலையில் அலுவலகம், மாலையில் திரும்பும் வழியில் காய்கறி, விடுமுறை நாளில் சேடா நகர் முருகன் கோயில். இதுவே நம் வாழ்க்கை. ஆயினும் பிறந்த மண் காங்கேயத்துக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே நம் தமக்கையாரும் மைத்துனரும் இன்னும் ஆடு வளர்த்து வாழ்கிறார்கள். கொங்கு நாட்டுக் 'கொறங்காடு' என்பதை அறியாத நேயர்களுக்காக ஒரு சொல்: மழை குறைந்த நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்ளால் உயிர்வேலி அமைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, ஆடுமாடுகளை மேயவிடும் தனிப் புல்வெளியே கொறங்காடு. வேலி இருப்பதால் பகலில் ஆட்டுக்கு ஆள் நிற்க வேண்டுவதில்லை. இரவில் படல்களை நிறுத்திப் பட்டி அமைத்து, அதற்குள் ஆடுகளை அடைப்பார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்து இரவில் அந்தப் பட்டிக்குள் நாய்கள் புகுந்தன. அவை யாருக்கும் சொந்தமில்லாத நாய்கள். நெடுஞ்சாலை ஓரத்து எச்சிலைத் தின்று கூட்டமாகத் திரிபவை. விடிந்தபோது ஒன்பது செம்மறிகள் கிடந்தன. நாய்கள் அவற்றைத் தின்னவில்லை. தொண்டையையும் தொடையையும் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. இது நம் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் இவ்வாறு ஆடுகளை இழந்த உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடியதை 2025ஆம் ஆண்டில் நாளிதழ்களில் நேயர்கள் படித்திருப்பார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். இன்று கொங்கு நாட்டில் ஓநாய் பெரும்பாலும் அந்தப் பழமொழியில்தான் வாழ்கிறது. அதன் இடத்தை நாயே பிடித்துக்கொண்டது.

தமக்கையார் தொலைபேசியில் நெடுநேரம் பேசவில்லை. "பட்டிக்கு ஒரு நல்ல நாய் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, தம்பி. நீ பெரிய ஊரில் இருக்கிறாய், ஒன்று பார்த்து அனுப்பு" என்றார். அவ்வளவுதான். தொலைவில் இருப்பவனிடம் வீட்டார் ஒன்று கேட்பது அரிது. கேட்டால், கேட்டதைவிடப் பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்று தோன்றும். வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டுவதில்லை. ஊரில் கிடைக்கும் நாட்டு நாய் போதாது, இமயமலையில் சிறுத்தையையே எதிர்த்து நிற்கும் இடையர் நாயே வேண்டும் என்று தீர்மானித்தோம். நண்பர் ஒருவர் மூலம் நாற்பத்தைந்து நாள் நிறைந்த குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. கரிய உடல், வெள்ளை மார்பு, கரடிக்குட்டி போன்ற நடை. நம் மகள் அதற்கு 'இமயன்' என்று பெயரிட்டாள்.

இவ்வளவு சிறிய குட்டியைத் தனியே இரயிலில் அனுப்ப மனம் வரவில்லை. கொஞ்சம் வளரட்டும், ஊசிகள் முடியட்டும், ஒழுக்கம் கற்கட்டும் என்று செம்பூரிலேயே வைத்துக்கொண்டோம். நாம் செய்த பிழை இதுவே. ஆயினும் அன்று அது பிழையாகத் தோன்றவில்லை; பொறுப்பாகவே தோன்றியது. இமயன் கூடத்தில் உறங்கினான். மகளின் கையிலிருந்து பிஸ்கட் உண்டான். 'உட்கார்', 'நில்', 'கை கொடு' எல்லாம் கற்றான். இரவில் மட்டும் அவன் வேறு நாய் ஆகிவிடுவான். மின்தூக்கி அசைந்தால் குரைப்பான். மாடிப்படியில் காலடி கேட்டால் குரைப்பான். தெருவில் ஒருவர் இருமினால் விடியும் வரை குரைப்பான். குடியிருப்புச் சங்கத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அவர்கள்மேல் குறை இல்லை. மலைச்சாரலில் இரவெல்லாம் குரைத்து ஓநாயையும் சிறுத்தையையும் தொலைவிலேயே நிறுத்துவது அவ்வினத்தின் தொழில். அங்கே குணமாக இருப்பது அடுக்குமாடியில் குற்றமாகிவிட்டது.

ஐந்து மாதம் நிறைந்தபின் குர்லாவிலிருந்து புறப்படும் கோயமுத்தூர் வண்டியில் அவனை ஈரோடு கொண்டுபோய்ச் சேர்த்தோம். பட்டியில் விட்ட முதல் நாள் ஆடுகளைக் கண்டு அஞ்சி நம் காலடியில் ஒளிந்தான். மூன்றாம் நாள் அச்சம் நீங்கியது. ஆடுகள் ஓடக்கூடியவை என்பதைக் கண்டுகொண்டான். அவை ஓட ஓட இவன் துரத்தினான். அவனுக்கு அது விளையாட்டு. ஐந்தாம் நாள் பிறந்து பத்து நாள் ஆன குட்டி ஒன்று அந்த விளையாட்டில் மாண்டது. மைத்துனர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாயைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டுத் திண்ணையில் கட்டினார். இன்றும் அவன் அந்தத் திண்ணையில்தான் இருக்கிறான். நீண்ட மயிருடன் கொங்கு நாட்டு வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறான். வருவோரைக் கண்டு குரைக்கிறான். வீட்டைக் காக்கிறான், பட்டியைக் காக்கவில்லை.

குற்றம் இனத்தில் இல்லை; வளர்ப்பில் இருந்தது. இதை நமக்குக் கற்பித்தவர் படிப்பறியாத ஒரு முதியவர். அடுத்த கார்த்திகையில் பன்வேலுக்கு அப்பால் ஒரு நண்பர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். செம்பூரிலிருந்து கழிமுகப் பாலத்தைக் கடந்து சென்றால் ஓரிரு மணி நேரப் பயணம். நெல் அறுத்த வயல் ஒன்றில் கரிய செம்மறிகள் நூற்றுக்கணக்கில் வலைக்குள் அடைபட்டு நின்றன. பக்கத்தில் சுமை இறக்கிய குதிரைகள். மூன்று கல் அடுப்பு. சிவப்புத் தலைப்பாகை அணிந்த ஆடவர். அவர்கள் தனகர் என்னும் இடையர். தக்காண மேட்டுநிலத்தில் மழைக்காலத்தைக் கழித்து, மழை ஓய்ந்ததும் மலைத்தொடரைக் கடந்து கொங்கணக் கரைக்கு இறங்கி, அறுவடையான வயல்களில் ஆடுகளை அடைத்து, அந்த எருவுக்குக் கூலியாகத் தானியமோ பணமோ பெற்று, அடுத்த மழைக்கு முன் மேடேறுவது அவர்கள் வழக்கம். இராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை கட்டுவதும், கொங்கு நாட்டார் பட்டி போடுவதும் இதே முறைதான். மொழிதான் வேறு; வயலில் கிடந்த ஆட்டுப்புழுக்கையின் மணம் நம்மை ஊருக்கே கொண்டுபோய்விட்டது.

நின்று பேசினோம். ஆடுகளின் நடுவே, வலைக்குள், இரண்டு மாதமே ஆன நாய்க்குட்டி ஒன்று ஓர் ஆட்டின் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்தது. நம் கையைக் கண்டதும் எழுந்து வரும் என்று எண்ணி அழைத்தோம். முதியவர் கையமர்த்தினார். "கூப்பிடாதீர்கள், சாகேப். அது இப்போது ஆட்டோடு படித்துக்கொண்டிருக்கிறது" என்றார். இமயன் கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "ஐந்து மாதம் மனிதரோடு இருந்தது மனிதரைத்தான் காக்கும். குட்டியை ஆட்டிடம் கொடுத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். அதை உங்களுக்காக வளர்த்துக்கொண்டீர்கள்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை இன்றும் மறக்க இயலவில்லை.

அவர் அனுபவத்தால் சொன்னதை நூலறிவும் சொல்கிறது. நாயின் வாழ்வில் மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே உறவு கொள்ளும் காலம் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்காட், புல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்கள். அந்த வாரங்களில் எந்த உயிரோடு குட்டி பழகுகிறதோ அதையே தன் இனமாகக் கொள்கிறது. பதினாறாம் வாரத்துக்குள் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்திக்கொள்கிறது. நாம் இமயனை வைத்திருந்த ஐந்து மாதங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். கதவு திறந்திருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவன் செம்பூரில் இருந்தான்.

இதற்கு முன்பே ஒருவர் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். இளைஞராக உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின் 1833இல் தென் அமெரிக்காவில், இன்று உருகுவே எனப்படும் நாட்டில், மனிதத் துணையின்றி மந்தையைக் காத்து நின்ற நாய்களைக் கண்டார். அவற்றை வளர்க்கும் முறையை விசாரித்தார். குட்டியை மிக இளமையிலேயே தாயிடமிருந்து பிரித்து, நாள்தோறும் மூன்று நான்கு முறை ஒரு பெண்ணாட்டைப் பிடித்துப் பாலூட்டச் செய்வார்களாம். பட்டியிலேயே ஆட்டு மயிரால் படுக்கை செய்து கொடுப்பார்களாம். மற்ற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் சேரவிட மாட்டார்களாம். அவ்வாறு வளர்ந்த நாய் உணவுக்காக வீட்டுக்கு வரும்போது வீட்டு நாய்கள் அதைத் துரத்தும். அதுவும் வாலை ஒடுக்கி ஓடும். ஆனால் தன் மந்தையை அடைந்தவுடன் திரும்பி நின்று குரைக்கும்; துரத்தி வந்தவை எல்லாம் ஓடிவிடும். வீரம் உடம்பில் இல்லை, நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நாம் படித்ததில்லை.

இங்கே 'காவல் நாய்' என்ற சொல்லுக்குத் திரும்புவோம். ஆட்டோடு தொடர்புடைய நாய்கள் எல்லாம் ஒரே தொழில் செய்வன அல்ல. ஸ்காட்லாந்து எல்லைப்புறத்துக் கோலி நாய் ஆடுகளை ஓட்டிச் சேர்ப்பது. அது பதுங்குவதும் உறுத்துப் பார்ப்பதும் வேட்டை விலங்கின் செயல்களே, கொல்லும் இறுதிப் படி மட்டும் அடக்கப்பட்டிருக்கிறது. மந்தைக் காவல் நாய்க்கு அந்தத் துரத்தும் இயல்பே மிகக் குறைவாக இருக்க வேண்டும். அது ஆடுகளை எங்கும் ஓட்டாது. ஆடுகளுடன் இருக்கும், அவ்வளவே. நம் நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தும் நாய்கள். ஓடுவதைக் கண்டால் ஓடாமல் இருக்க அவற்றால் இயலாது. 2005 சனவரி 9ஆம் நாள் நம் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவற்றுள் இராசபாளையம், முதோல், இராம்பூர் ஆகிய மூன்றும் வேட்டையில் பெயர் பெற்றவை. இமயமலை இடையர் நாய் ஒன்றே மந்தைக் காவலுக்கு உரியது. இமாசலப் பிரதேசத்துக் கத்தியர் என்னும் இடையர் வளர்க்கும் நாயும் 2025இல் இந்திய நாயினங்களுள் ஒன்றாக முறைப்படி பதிவு பெற்றிருக்கிறது. சிறுத்தை முதலில் கழுத்தைக் கவ்வும் ஆகையால், மலை இடையர் தம் நாய்க்கு முள் பதித்த இரும்புப் பட்டை அணிவிப்பது வழக்கம்.

எனினும் இனம் பாதியே, வளர்ப்பு மறுபாதி. ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் நகரை அடுத்த மிடில் தீவில் சிறு பெங்குவின் பறவைகளை நரிகள் அழித்துக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த பறவைகள் பத்துக்கும் கீழே குறைந்துவிட்டன. 2006இல் இத்தாலிய மரெம்மா இன நாய்களை அங்கே காவல் வைத்தார்கள். பறவைகள் மீண்டும் பெருகின. ஆட்டுக்கென்று பிறந்த இனம் பறவைக்குக் காவலாயிற்று. ஆகவே நாய் பிறவியிலேயே ஆட்டை நேசிக்கிறது என்பதற்கில்லை, பழகியதை நேசிக்கிறது. நமீபியா நாட்டில் 1994 முதல் அனத்தோலிய நாய்களை உழவர்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். ஆடு இழக்காத உழவர் சிவிங்கிப்புலியைச் சுடுவதில்லை. அந்த நமீபியாவிலிருந்துதான் 2022 செப்டம்பர் 17ஆம் நாள் எட்டுச் சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்துக் கூனோ காட்டுக்கு வந்தன. ஒரு நாய் தன் பட்டியில் ஒழுங்காகப் படுத்திருப்பதால் ஆடும் பிழைக்கிறது, அதைத் தின்ன வந்ததும் பிழைக்கிறது.

இனி, இரண்டாம் குட்டியை வளர்த்த முறையைச் சொல்கிறோம். இம்முறை தொலைவிலிருந்து எதுவும் வாங்கி அனுப்பவில்லை. அடுத்த ஊரில் ஒரு பட்டியைத் தலைமுறையாகக் காத்துவரும் நாட்டு நாய் தை மாதத்தில் ஈன்றது. தாயும் ஆடுகளின் நடுவில் வாழ்வது; குட்டிகளும் கண் திறந்தது ஆட்டின் நடுவில். எட்டாம் வாரத்தில், பால் மறந்தபின், ஒரு கறுப்புக் குட்டியை மைத்துனர் கொண்டுவந்தார். துடுக்கானதையும் எடுக்கவில்லை, அஞ்சுவதையும் எடுக்கவில்லை. அமைதியாக நின்று பார்த்ததை எடுத்தார்.

பட்டியின் ஒரு மூலையில் சிறிய அடைப்பு அமைத்து, பால் மறந்த ஆட்டுக்குட்டிகள் நான்கையும் சாதுவான கிழ ஆடு ஒன்றையும் அதனுள் விட்டு, நாய்க்குட்டியையும் விட்டார்கள். ஆடு முட்ட வந்தால் குட்டி நுழைந்துகொள்ளுமாறு தாழ்வான ஒரு மரப்பெட்டி வைத்தார்கள். இது இன்றியமையாதது, முதல் வாரத்தில் பலமாக முட்டுப்பட்ட குட்டி ஆட்டைக் கண்டு அஞ்சும், அஞ்சியது காவாது. ஆயின் இலேசான முட்டு நல்லது. கிழ ஆடு கற்பிக்கும் மரியாதையை எந்த மனிதராலும் கற்பிக்க முடியாது. உணவும் நீரும் அந்த அடைப்புக்குள்ளேயே. கம்பங்கூழில் மோர், வாரத்தில் சில நாள் முட்டை. வயிறு நிறையாத நாய் இரை தேடி ஊர் சுற்றும். ஊர் சுற்றும் நாய் பட்டியில் இராது.

மனிதர் தொடவே கூடாது என்பதன்று. பழைய இடையர் சிலர் அவ்வாறு கருதியதுண்டு. ஆனால் மனிதர் கையே படாத நாய்க்குக் காயம் பட்டால் மருந்திட முடியாது. ஆகவே தமக்கையார் நாள்தோறும் இருமுறை பட்டிக்குள் சென்று, குட்டியின் வாய், காது, பாதம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, கயிற்றில் சிறிது நடத்தி, அங்கேயே விட்டுவிட்டு வருவார். வீட்டுக்கு அழைத்து வருவதில்லை, அதனோடு விளையாடுவதில்லை, பந்து எறிவதில்லை. கற்க வேண்டிய சொற்களும் சிலவே: அதன் பெயர், 'வா', 'வேண்டாம்'. கட்டளைக்குப் பணிவது இதன் தொழிலன்று. நள்ளிரவில் கட்டளையிட யாரும் இருக்கப்போவதில்லை. தானே தீர்மானிக்க வேண்டும்.

நான்காம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை கடினமான காலம். கை கால் நீண்டுவிடும். புத்தி இன்னும் குட்டியாகவே இருக்கும். ஆட்டின் காதைக் கவ்வும், வாலைப் பிடிக்கும், பின்னே ஓடும். இங்கேதான் பலர் நாயைக் கைவிடுகிறார்கள், அல்லது அடித்துக் கெடுக்கிறார்கள். நம் பட்டியிலும் ஆனி மாதத்தில் அது ஓர் ஆட்டின் காதைக் கிழித்தது. இமயன் நினைவு வந்து மைத்துனர் மனம் கலங்கினார், "இதையும் திண்ணையில் கட்டிவிடலாமா?" என்று கேட்டார். தமக்கையார் இசையவில்லை. இளங்குட்டிகளிடமிருந்து பிரித்து, முட்டத் தயங்காத கிடாய்களோடும் மூத்த ஆடுகளோடும் சேர்த்தார். மேயும்போது முன்னங்கால்களில் இடறும்படி ஒரு மரக்கட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டார்; ஓடினால் கட்டை தட்டும், நடந்தால் தட்டாது. துரத்தும் அந்த நொடியிலேயே உரத்த குரலில் ஒரு 'வேண்டாம்'. நிறுத்தினால் அதே நொடியில் பேச்சை விடுவது. ஒரு மணி நேரம் கழித்து அடிப்பதால் எதுவும் விளங்காது. நாய்க்கு அது நம் கோபமாக மட்டுமே தெரியும். ஏழெட்டு வாரத்தில் அந்தப் பழக்கம் தேய்ந்தது. முழுப் பொறுப்பையும் நம்பி விடுவதற்கு ஏறத்தாழ இரண்டு வயதாக வேண்டும் என்பதே அறிந்தோர் கருத்து.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்டாம் வாரத்தையொட்டி முதல் தடுப்பூசிகளும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் ஆண்டுதோறும் அவற்றைப் புதுப்பிப்பதும் தவறக்கூடாது. தெருநாய்க் கூட்டத்தை எதிர்த்து நிற்கப்போகும் நாய்க்கு இது கவசம். மற்றொன்று பலர் அறியாதது. இறந்த ஆட்டின் தலையையும் குடலையும் நாய்க்குப் பச்சையாகப் போடும் வழக்கம் ஊரில் உண்டு. ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாக இருக்கும் நாடாப்புழு அதன் வழியே நாயின் குடலுக்குச் சென்று வளர்ந்து, நாயின் மலத்தால் புல்லில் முட்டையாகப் பரவி, மீண்டும் ஆட்டின் மூளைக்குப் போகிறது. ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து மடிவதைக் கண்டிருப்பீர்கள்; பல வேளைகளில் காரணம் இதுவே. இன்னொரு வகை நாடாப்புழு மனிதரின் ஈரலிலும் கட்டி உண்டாக்கும். ஆகவே இறந்ததைப் புதைக்க வேண்டும்; நாய்க்குக் காலமுறைப்படி புழுநீக்க மருந்து கொடுக்க வேண்டும். கருத்தடையும் செய்தல் நன்று. துணை தேடி இரவில் பட்டியை விட்டுப் போகாது, உரியவரில்லாக் குட்டிகளும் பெருகா. பட்டியைக் கடிக்க வந்த கூட்டமும் ஒரு காலத்தில் யாரோ கைவிட்ட குட்டிகளின் வழி வந்ததன்றோ!

இப்பொழுது கறுப்பனுக்கு ஒன்றரை வயது. கடந்த பங்குனியில் ஒரு நாள் விடியற்காலையில் நாய்க்கூட்டம் மீண்டும் வந்தது. மைத்துனர் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடியபோது அவர் கண்டது சண்டையன்று. கறுப்பன் படலுக்கு வெளியே, வந்தவைகளுக்கும் ஆடுகளுக்கும் இடையில் நின்று, இடைவிடாது குரைத்துக்கொண்டிருந்தான். மந்தைக் காவல் பெரும்பாலும் இவ்வளவே என்று அறிஞர்களும் சொல்கிறார்கள். கொல்வதன்று, வந்த காரியத்தை நடக்கவிடாமல் குறுக்கே நிற்பது. கூட்டம் கலைந்தது. அன்று ஓர் ஆடும் இறக்கவில்லை. ஆனால் அவன் தோளில் ஒரு காயம் இருந்தது. ஆறுவதற்கு இருபது நாள் ஆயிற்று. ஒரு நாய் போதாது என்பதும் அன்று தெரிந்தது. இந்தத் தையில் அதே தாயின் அடுத்த ஈற்றில் பிறந்த பெட்டைக்குட்டி ஒன்றும் வந்திருந்தது. அதைச் சேர்த்தது எவ்வளவு நல்லதாயிற்று என்று இப்போது தமக்கையார் சொல்கிறார். கறுப்பனைப் பார்த்துக்கொண்டே அது வளர்கிறது. நாம் கற்பிக்க வேண்டியது இன்னும் குறைவு.

நகரங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் படம் கண்டு, கம்பீரத்துக்காக இத்தகைய மலை நாய்களை அடுக்குமாடியில் வாங்கி வைக்காதீர்கள். இரவெல்லாம் விழித்திருக்கப் பிறந்ததை, நம் உறக்கத்துக்காக உறங்கச் சொல்வது கொடுமை. ஊரில் ஆடு வளர்க்கும் உறவினர்க்கு உதவ விரும்பினால் நாய் வாங்கி அனுப்ப வேண்டாம். தடுப்பூசிச் செலவை அனுப்புங்கள்; ஊரிலேயே நல்ல பட்டியில் பிறந்த குட்டியை எட்டாம் வாரத்தில் எடுக்கச் சொல்லுங்கள்; பிறகு பொறுத்திருங்கள். 'பட்டி நாய்' என்பதை நாம் வசையாகவே வழங்கிவிட்டோம். பட்டியில் பிறந்து பட்டியில் விழித்திருக்கும் நாய்க்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் வேறில்லை.

சென்ற கோடை விடுமுறையில் மகளோடு ஊருக்குச் சென்றோம். திண்ணையில் இமயன் எங்களைக் கண்டு சங்கிலி அறும்படித் துள்ளினான். மகள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாலையில் பட்டிக்குப் போனோம். அவள் படலருகில் நின்று "கறுப்பா, கறுப்பா" என்று அழைத்தாள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான், ஒருமுறை வாலை ஆட்டினான், எழுந்து வரவில்லை. ஆடுகளின் நடுவே மீண்டும் முகத்தைப் புதைத்துப் படுத்துக்கொண்டான். மகளுக்கு முகம் வாடிவிட்டது. "அவனுக்கு நம்மைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள். பெரியம்மா அவள் தோளில் கைவைத்து, "பிடிக்கும், கண்ணு. அவனுக்கு வேலை இருக்கிறது" என்றார். இருட்டத் தொடங்கியிருந்தது. படலைச் சாத்திவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம்.